மர ஹெட்போனில் ஒலிப்பது மரமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு அண்ணா நகருக்குத் திரும்பிவிட்ட அவருடைய மாமா, தம்மிடம் உள்ள பழைய ஆடியோ-டெக்னிகா மர ஹெட்போனை 70,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார், கேட்டவர் அதிகம் கேட்பது கர்நாடக இசை, மரத்துக்கென்று ஓர் இனிமை உண்டு என்று எல்லோரும் சொல்வது மெய்தானா, சென்னைப் புழுக்கத்தில் அது தாங்குமா, வாங்கலாமா என்று தெரிய வேண்டும். மேலுக்கு இது விலை பற்றிய கேள்வி. அடியில் இருப்பதோ, காதில் விழும் இனிமைக்கு மரம்தான் காரணமா என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றது தானாகத் தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் ஒலிப்பொறியியல் படித்து, வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பழைய ஹெட்போன்களைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதும் பல வருடப் பழக்கம். என்னிடம் உள்ள அளவீட்டுக் கருவி எளிய வகையே தவிர, ஆய்வகத் தரமுள்ள செயற்கைக் காது அன்று. ஆகவே அளந்து பார்த்ததாக நான் சொல்பவற்றை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மரத்தையும் நாதத்தையும் பிரித்துப் பேசுவது எளிதன்று. வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலா மரத்தில் குடைந்தவை. மரத்தின் வயது என்ன, எந்தப் பகுதியில் வெட்டிய கட்டை என்றெல்லாம் வாத்தியம் செய்பவர்கள் தட்டிப் பார்த்து எடுப்பதைக் கண்டவர்கள், ஹெட்போனிலும் மரம் அதே வேலையைத்தான் செய்யும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் இங்கே வேலை நேர் எதிரானது. வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கி, பலகை அதிர்ந்து காற்றை அசைத்தால்தான் நாதம் எழும். பலகை அதிராத வீணை ஊமை. ஹெட்போனில் ஒலியை எழுப்புவது டிரைவரின், அதாவது உள்ளே இருக்கும் சிறு ஒலிபெருக்கியின், மெல்லிய சவ்வு. அதன் பின்னால் உள்ள கிண்ணம் அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து அதிர்ந்தால், பதிவில் இல்லாத ஒரே சாயலை எல்லாப் பாட்டின் மேலும் பூசிவிடும். வீணையின் பெருமையை அப்படியே ஹெட்போனுக்கு மாற்றிக் கொடுத்துப் பேசும் விளம்பர வாசகங்களை நான் நம்புவதில்லை.

அசையாமல் இருக்கும் தன்மை பொருளால் வருகிறதா, வடிவத்தால் வருகிறதா என்று பார்ப்போம். தேக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ, ஹெட்போன் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுமார் 1,050, அலுமினியம் 2,700. இழையின் போக்கில் மரத்தின் விறைப்பு ஏறத்தாழ 10 முதல் 12 கிகாபாஸ்கல், ஏபிஎஸ்ஸுக்கு இரண்டு சொச்சம். பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் மரம் பிளாஸ்டிக்கைவிட நான்கைந்து மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. ஆனால் ஒரு தகடு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவர் 2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதைவிடத் தடிமனாக வார்த்தால் ஆறும்போது மேற்பரப்பு குழிவிழும். மரத்தை அவ்வளவு மெல்லியதாகக் குடைந்தால் பிளந்துவிடும் என்பதால் 7, 8 மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும். 2 மில்லிமீட்டர் 8 ஆகும்போது விறைப்பு 64 மடங்கு கூடுகிறது. பொருளால் வரும் நான்கைந்து மடங்கு அதற்கு முன்னால் சிறியது. மரக் கிண்ணத்தின் அமைதியில் பெரும்பங்கு தடிமனுடையது. அந்தத் தடிமனோ, மரம் எளிதில் பிளக்கும் என்ற அதன் பலவீனத்தால் வந்து சேர்ந்தது. அதிர்வைத் தணித்து விழுங்குவதில் மரம் அலுமினியத்தைவிடப் பன்மடங்கு மேல் என்பது உறுதி. நல்ல பிளாஸ்டிக்கைவிட மேல் என்று அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்று கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று. சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் வேகத்தில் போகும். டிரைவருக்கும் கிண்ணத்தின் அடிச்சுவருக்கும் இடையே 3.5 சென்டிமீட்டர் இருந்தால், சுமார் 5,000 ஹெர்ட்ஸில் அலை முன்னும் பின்னும் மோதி அங்கேயே தங்கிவிடும். பாடகரின் ‘ஸ’கர உரசலும் தாளத்தின் கிணுகிணுப்பும் உலவும் பகுதி அது. சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் வளைந்து போனாலும், உள்ளே கம்பளியோ ஃபெல்ட்டோ அளவாக வைத்திருந்தாலும் இந்தத் தேக்கம் கலைந்துவிடும். கடைசலில் குடையும் மரத்தில் எந்த வளைவையும் கொண்டுவரலாம். சிறிய எண்ணிக்கையில் செய்பவருக்குப் பிளாஸ்டிக் அச்சைவிட மரமே கட்டுப்படியாகும் என்பதும் ஒரு காரணம்.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மகோகனி என்றால் கதகதப்பு, கருங்காலி என்றால் தெளிவு, செர்ரி என்றால் இனிப்பு என்று மர இனத்துக்கு ஒரு சுவை சொல்வதுதான் ஐயத்துக்குரியது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டிஎச்-எக்ஸ்00 ஹெட்போன் ஒரே அடிப்படை வடிவில் மகோகனி, பர்ப்பிள்ஹார்ட், எபனி என வெவ்வேறு மரங்களில் வந்தது. வாங்கியவர்கள் வேறுபாடு கேட்கிறது என்று எழுதினார்கள், அளவீடுகளிலும் சிறு வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால் ஒரே மரத்தில் செய்த ஒரே மாடலின் இரண்டு பிரதிகளுக்கு நடுவிலும், ஏன், ஒரே பிரதியைக் கழற்றி மறுபடி மாட்டும்போதும், அந்த அளவுக்கு வேறுபாடு வரும். அதை மரத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறையில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது சோனி 1989-ல் கொண்டுவந்த எம்டிஆர்-ஆர்10. கிண்ணம் கெயாகி எனப்படும் ஜப்பானிய ஸெல்கோவா மரத்தில், உள்ளே வளைவுகளோடு குடையப்பட்டது. அப்போதே அதன் விலை 2,500 டாலர். இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். பேச்செல்லாம் மரத்தைப் பற்றியே இருந்தாலும், எனக்கு அதில் பெரிய சங்கதி டிரைவரின் சவ்வுதான். அஜினொமோட்டோ நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய பயோசெல்லுலோஸ் அது. ஒருவகை பாக்டீரியா, சர்க்கரைக் கரைசலின் மேல் ஆடைபோலப் படியவிடும் மிக நுண்ணிய இழைகளால் ஆனது. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துப் பிலிப்பைன்ஸில் செய்யும் ‘நாட்டா டி கோகோ’வும் இதே ஆடைதான். காகிதத்தின் தணிப்பும் உலோகத்துக்கு நெருங்கிய விறைப்பும் அதில் ஒருசேர அமைகின்றன. சோனி பின்னர் எம்டிஆர்-சிடி3000 மாடலில் மரக் கிண்ணம் இல்லாமலேயே பயோசெல்லுலோஸ் சவ்வைப் பயன்படுத்தியது. அதன் ஒலிக்கும் இன்றுவரை விசுவாசிகள் உண்டு. இரண்டின் டிரைவர்களும் அச்சு அசலாக ஒன்றல்ல என்பதால் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆயினும், ஆர்10-இன் புகழில் சவ்வுக்கு உரிய பங்கையும் மரமே வாங்கிக்கொண்டுவிட்டது என்று நினைக்க இடமிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் புரூக்ளினைச் சேர்ந்த கிராடோ செய்துவந்த ஆர்எஸ்1 மகோகனியால் ஆனது, ஆனால் பின்புறம் திறந்தது. அங்கே மரம் ஒரு வளையம் மாத்திரமே. அடைபட்ட காற்று இல்லாததால் மேலே சொன்ன கணக்கு அதற்கு முழுவதும் பொருந்தாது. டெனானின் ஏஎச்-டி5000, டி7000 ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்தது ஃபாஸ்டெக்ஸின் தாய் நிறுவனமான ஃபாஸ்டர். இந்தக் குடும்பம் பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) தூக்கிக் காட்டும், நடுப்பகுதி சற்றுப் பின்வாங்கும். ஆடியோ-டெக்னிகாவின் டபிள்யூ வரிசை நேர்மாறு: நடுப்பகுதியின் மேற்பக்கம் முன்னால் வந்து நிற்கும், பேஸ் அடக்கம். மேல் உடுப்பு இரண்டு குடும்பத்துக்கும் மரமே. குணம் இப்படிப் பிரிகிறது. மரத்துக்கென்று பொதுவான குரல் ஒன்று இருந்தால் இப்படி நேர்ந்திராது.

அப்படியானால் கேட்பவர்கள் எல்லோரும் கற்பனையா செய்கிறார்கள் என்று கேட்கலாம். இல்லை. ஆனால் ஹெட்போனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பது ஒலிபெருக்கியைச் சோதிப்பதைப் போன்றதன்று. தலையில் வைத்த உடனே எடை, பிடிப்பு, காதைச் சுற்றிய தோலின் மென்மை எல்லாம் எது எது என்று காட்டிக் கொடுத்துவிடும். ஏசி அறையில் அலுமினியக் கிண்ணம் விரலுக்குச் சில்லென்றிருக்கும், மரம் அப்படி இருக்காது. அந்தத் தொடு உணர்ச்சி காதின் தீர்ப்பிலும் கலந்துவிடுகிறது. இதனால்தான் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர், பல ஹெட்போன்களின் அதிர்வெண் நடத்தையை, அதாவது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்க ஒலிக்கின்றன என்பதை, அளந்து, அவற்றை ஒரே ஹெட்போன் வழியாகப் போலச்செய்து கேட்போரிடம் கொடுத்தார்கள். கேட்பவர்கள் பெருமளவுக்கு ஒரே வகைச் சமநிலையையே விரும்பினார்கள். 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை எடுத்துக்கொண்டு பார்த்ததில், அதிர்வெண் நடத்தைக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. போலச்செய்யும் முறை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. தலைக்குத் தலை மாறும் பொருத்தமும் கசிவும் அதற்குள் அடங்குவதில்லை. இருந்தாலும், இனிமை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர் மரத்துக்கு முன்னால் அதிர்வெண் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்பது இவற்றிலிருந்து தெளிவு.

அந்த நடத்தையை மாற்றுவதில், காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான காதுப் பேடுக்கு உள்ள வல்லமையைப் பலர் அறிவதில்லை. பேடு காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிந்தால்தான் மூடிய ஹெட்போனில் பேஸ் நிற்கும். மூக்குக் கண்ணாடியின் தண்டு உண்டாக்கும் சிறு சந்து போதும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் வழிந்துபோய்விடும். பேடு அமுங்கிச் சில மில்லிமீட்டர் தாழ்ந்தால் டிரைவர் காதுக்கு நெருங்கி, ட்ரெபிளின் முகமே மாறும். ஆர்10-இல் பேஸ் கூடிய வகை, குறைந்த வகை என இரண்டு உண்டு என்று ரசிகர்கள் விவாதிப்பதைப் படிக்கும்போதெல்லாம், முப்பது வயதைக் கடந்த அந்த ஆட்டுத்தோல் பேடுகளின் நிலையைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும்.

பேடுக்கு அடுத்தது ஆம்ப்ளிஃபையர். வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக அமைந்த பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போன் துளைக்குத் தனி மின்சுற்று கிடையாது. ஒலிபெருக்கிக்குப் போகும் மின்னோட்டத்தையே 300 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு ரெசிஸ்டர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். மர ஹெட்போன்கள் பெரும்பாலும் குறைந்த மின்தடை உடையவை: ஆர்10-க்கு 40 ஓம், கிராடோவுக்கு 32, டி7000-க்கு 25. ஒரு பேச்சுக்கு, நடுப்பகுதியில் 40 ஓம் உள்ள ஹெட்போன் ஒன்று, பேஸில் அதன் ஒத்ததிர்வு வரும் இடத்தில் 80 ஓம் ஆகிறது என்று கொள்வோம். 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓட்டினால் அந்த இடம் மட்டும் சுமார் 5 டெசிபல் உயர்ந்துவிடும்; 1 ஓம் மின்தடையுள்ள இன்றைய சிறிய கருவியில் ஓட்டினால் பத்தில் ஒரு டெசிபல்தான் உயரும். பழைய ரிசீவரும் மர ஹெட்போனும் ஜோடி சேர்ந்தால் வரும் ‘கதகதப்பு’ பல வீடுகளில் இந்த 5 டெசிபல்தான். அது பிடித்திருந்தால் தாராளமாக அனுபவிக்கலாம். மரத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இனி சென்னைப் புழுக்கம். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நெடுநாள் நின்றால் மரம் தன் எடையில் 16 சதவீதம் வரை நீரைப் பிடித்துவைத்திருக்கும். ஏசி ஓடும் அறையில், 50 சதவீதத்தில், 9 சதவீதத்துக்கு இறங்கும். தேக்குபோல் அதிகம் சுருங்காத மரத்தில்கூட, இழைக்குக் குறுக்கே 8 சென்டிமீட்டர் அகலம் உள்ள கிண்ணம் இந்த இரு எல்லைகளுக்கிடையே முழுவதுமாகப் போய்வந்தால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மாறும். மெருகுப் பூச்சு ஈரத்தின் வரத்தைத் தாமதப்படுத்துவதால் ஓர் இரவு ஏசியில் இதெல்லாம் நடந்துவிடாது. பருவத்துக்குப் பருவம் நடக்கும். கிண்ணத்தோடு திருகிவைத்த பிளாஸ்டிக் தட்டு மரத்தோடு சேர்ந்து சுருங்காது என்பதுதான் சிக்கல். பழுதுக்கு வந்தவற்றில் நான் பார்த்த விரிசல்கள் பெரும்பாலும் திருகு துளையில் தொடங்கி, இழையின் போக்கிலேயே மயிரிழைபோல் ஓடுபவை; வெளிப்பூச்சில் ஒன்றும் தெரியாது, பேடைக் கழற்றிச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். சில சிறப்பு மாடல்களில் உள்ள உருஷி என்னும் ஜப்பானிய அரக்குப் பூச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது ஈரக் காற்றில்தான் இறுகும். வெயில்தான் அதற்கு ஆகாது, ஆகவே ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

உண்மையில் இந்த ஊர் முதலில் தின்பது மரத்தை அல்ல, மற்ற பாகங்களை. பாலியூரித்தேன் பஞ்சு ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும் பொடியாகி, டிரைவரின் சவ்வுமேல் உதிரும். செயற்கைத் தோல் செதில்செதிலாக உரியும். அசல் தோலில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு பூஞ்சை வெள்ளையாகப் படரும். கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி இதற்கும் ஆகும், ஆனால் லென்ஸுக்கு வைப்பதுபோல் 40 சதவீதத்தில் வைக்காமல் 50, 55-இல் வையுங்கள்; அதற்கு மேல் உலரவைத்தால் பஞ்சைக் காப்பாற்றி மரத்தைப் பிளந்ததாகிவிடும். கேட்டு முடித்ததும் வியர்வை ஈரத்தோடு பெட்டிக்குள் போடாமல், கொஞ்ச நேரம் விசிறிக் காற்றில் விட்டுத் துடைத்து வைத்தாலே பேடின் ஆயுள் கூடும்.

கர்நாடக இசைக்கு இது எப்படி இருக்கும் என்பதில் நான் சொல்வது பெரும்பாலும் என் காதின் தீர்ப்பு. 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196. குரலின் உருவமும் வயலினின் வில் உரசலும் தம்புராவின் ஜீவாளி ரீங்காரமும் இதற்கு மேலே, சில நூறிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையில்தான் வாழ்கின்றன. ஆடியோ-டெக்னிகா முன்னே தள்ளுவது இந்தப் பகுதியைத்தான் என்பதால், பாட்டு எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும். கமகத்தின் நெளிவு தெளிவாகப் பிடிபடும். மிருதங்கத்தின் தொப்பிக்கு (தாழ்ந்த நாதம் தரும் பக்கம்) வேண்டிய கனம் மட்டும் சற்றுக் குறையும். சபாக் கச்சேரிகளில் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த பதிவுகளில் மிருதங்கம் வழக்கமாகவே தூக்கலாக இருப்பதால் இந்தக் குறை அங்கே ஒருவகையில் நன்மை. பழைய வானொலிப் பதிவுகளுக்கும் இது டெனான் குடும்பத்தைவிட ஏற்றது; அங்கே டெனான் நாடாவின் இரைச்சலைத்தான் முதலில் கேட்கவைக்கும். ஆனால் குரல் உச்சஸ்தாயிக்குப் போகும்போது சிலருக்கு இந்த வரிசையின் ஒலி மூக்கடைத்ததுபோல் படுகிறது, எனக்கும் சில பாடகர்களிடம் அப்படித்தான். அதனால் உங்களுக்குப் பழக்கமான, மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஒலி மட்டுமே குறி என்றால், 1997-ல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்டி600 குரலிசைக்கு இதற்குச் சளைத்ததன்று. விலையும் உங்கள் மாமா கேட்பதைவிடக் கணிசமாகக் குறைவு. பின்புறம் திறந்தது என்பதால் வீட்டின் சத்தம் உள்ளே வரும், மின்தடை 300 ஓம் என்பதால் நல்ல ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அவ்வளவுதான். அதைத் தாண்டிக் கொடுக்கும் பணம் மரவேலைக்கும் அருமைக்கும் போகிறது. கையில் எடுத்தால் கனமில்லாமல், இழையோட்டம் இரண்டு பக்கமும் ஜோடி பொருந்தி, தேய்த்து மெருகேற்றிய ஒரு பொருளுக்கு அப்படிக் கொடுப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். என் அலமாரியிலும் அப்படிச் சில உண்டு.

மாமா வீட்டுக்குப் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் ‘ர்ர்ர்’ என்றால் பயப்பட வேண்டாம், சவ்வின்மேல் தலைமுடி விழுந்திருக்கலாம், எடுத்துவிடலாம். கிண்ணத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது சரசரவென்று மடிப்புச் சத்தம் கேட்டால் சவ்வு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே குரலை, இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோவில் கேளுங்கள். பாடகர் நெற்றிக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், பேடுகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். பேடோடு சேர்ந்து குரலும் இடம் மாறினால் பிரச்சினை பேடில்தான், விலையில் அதற்கானதைக் கழிக்கச் சொல்லி வாங்கலாம். மாறாமல் அதே பக்கம் நின்றால் டிரைவர் தளர்ந்திருக்கக்கூடும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு அசல் டிரைவர், மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் கிடைக்காது, அந்த நிலையில் 70,000-க்கு அல்ல, அதில் பாதிக்கும் வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்கினால், பழைய பேடு எவ்வளவு நைந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். அதன் ஆழத்தையும் உள்வட்டத்தையும் அளந்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தப் பேடு வாங்கினாலும் ஒலி ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க அந்த அளவுதான் கைகொடுக்கும்.